பிரெஞ்சு தெரியாத பெற்றோர் பிள்ளைகளுக்குப் பிரான்ஸை எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி இதுதான்: வீட்டில் 4 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பெற்றோர் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிரான்ஸ் நாட்டையும் அங்குள்ள பழக்கவழக்கங்களையும், முடிந்தால் கொஞ்சம் மொழியையும் வீட்டிலேயே சொல்லித்தர எங்கிருந்து தொடங்கலாம்?

ஈஃபிள் கோபுரப் படம், வட்டத் தொப்பி, மூவண்ணக் கொடி என்று தொடங்காதீர்கள். ஒரு வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. தன் வயதில் அங்கே இருக்கும் இன்னொரு பிள்ளை கடைக்குள் நுழைந்ததும் என்ன சொல்கிறது, மாலையில் என்ன தின்கிறது, விழுந்த பல்லை எங்கே வைக்கிறது என்று தெரிந்தால்தான் சின்னப் பிள்ளைக்கு ஒரு நாடு பிடிபடும். கோபுரமும் கொடியும் அதற்குள் தாமாக வந்து சேரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தராதீர்கள். தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுங்கள். பிரெஞ்சின் ஒலிகளுக்கும் மரியாதைக்கும் நம் வாயில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆங்கிலம் குறுக்கே வந்தால் அந்த வசதி போய்விடும்.

ஒலியிலிருந்தே பார்ப்போம். பிரெஞ்சில் மூக்கால் சொல்லும் உயிரொலிகள் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில்தான் அதிகம் திண்டாடுவார்கள். நமக்கு அவை தினமும் வாயில் புழங்குபவை. 'மரம்' என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி 'ம்' முழுதாக வருவதில்லை. உதடு மூடாமல், 'மரோ' என்பதை மூக்கோடு இழுத்து விடுகிறோம். அந்தக் கடைசி ஒலிதான் 'பொன்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் வருவது (நல்ல என்று பொருள், முதலில் 'தம்பி'யில் வரும் ப ஒலி). 'அவன் வந்தான்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'அவன்' முடியும் ஒலிதான் ரொட்டியைக் குறிக்கும் 'பேன்' என்ற சொல்லில் இருக்கிறது. 'வந்தான்' முடியும் ஒலி, பிரான்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆக மூன்று மூக்கொலிகள், மூன்று தமிழ்ச் சொற்கள். பிள்ளையிடம் இலக்கணம் பேச வேண்டாம். "மரம்னு சொல்லு, இப்ப அதே மாதிரி பொன்னு சொல்லு" என்றால் போதும். இதில் வரும் தவறு ஒன்றுதான். எழுத்தில் 'ன்' இருப்பதைப் பார்த்து நாக்கு நுனியை மேலே ஒட்டிவிடுவார்கள். நாக்கு எங்கும் ஒட்டக்கூடாது.

அடுத்தது 'த'. பள்ளி ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் 'டேபிள்' என்று ட போட்டே பழகியிருப்பார்கள். பிரெஞ்சில் அது 'தாப்ல்', 'தம்பி'யில் வரும் அதே த, நாக்கு பல்லைத் தொடும் த. 'ப', 'க' இரண்டும் அப்படியே: மூச்சுக்காற்று சேராமல், 'பழம்', 'கல்' என்பதில் வருவது போல. சரிபார்க்க ஒரு வழி: மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் நெருக்கமாகப் பிடித்து 'பாப்பா' என்று சொல்லச் சொல்லுங்கள். தாள் ஆடக்கூடாது. பிரெஞ்சிலும் அப்பாவுக்கு 'பாப்பா'தான், சொல்லும் விதமும் அதுவே.

நம்மிடம் இல்லாத ஒலிகளும் உண்டு. 'நீ' என்பதற்கான 'த்யூ' அப்படி ஒன்று. தமிழ் எழுத்தில் அதைச் சரியாக எழுத முடியாது. உதட்டை 'ஊ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் 'ஈ' சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நிறுத்தினால் 4 வயதுப் பிள்ளைக்கு இரண்டே நிமிடத்தில் வந்துவிடும், பெரியவர்களுக்குத்தான் நாளாகும். தொண்டையில் உராயும் 'ர' இன்னொன்று. அதற்காக யாரும் மெனக்கெட வேண்டாம். நம் 'ர' போட்டுச் சொன்னாலும் புரியும். தொண்டையைக் கீறிக் கீறிப் பழக்கினால் பிள்ளைக்கு மொழியே வெறுத்துப்போகும்.

பிறகு மரியாதை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் நீ என்பதற்கு 'த்யூ', நீங்கள் என்பதற்கு 'வூ'. தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம், "நீ, நீங்க" என்றால் முடிந்தது. வேறுபாடு எங்கே என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிரான்சில் பெரும்பாலான பிள்ளைகள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரையும் 'நீ' என்றே கூப்பிடுவார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர், வழியில் பார்க்கும் முன்பின் தெரியாதவர் என்றால் 'நீங்கள்'.

வணக்கத்துக்கு அங்கே நம் ஊரைவிட எடை அதிகம். ரொட்டிக்கடைக்குள் நுழைந்ததும் 'பொன்ஜூர் மதாம்' (வணக்கம் அம்மா) சொல்லாமல் நேராக "ஒரு பாகெத் கொடுங்கள்" என்று (பாகெத் என்பது நீளமான ரொட்டி) கேட்டால் முரட்டுத்தனமாகத் தெரியும். வாங்கிக்கொண்டு கிளம்பும்போது 'மெர்சி' (நன்றி), 'ஓ ர்வுவார்' (போய் வருகிறேன்). இதை வீட்டில் விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். சமையலறை வாசல்தான் கடை, நீங்கள் கடைக்காரர். வணக்கம் சொல்லாவிட்டால் பண்டம் கிடையாது. தினமும் மாலை ஒரு தடவை நடந்தால் போதும், இரண்டு வாரத்தில் ஐந்தாறு சொற்கள் நாக்கில் நின்றுவிடும். அட்டைகளைக் காட்டி ஒரே நாளில் ஐம்பது சொல் ஒப்பிக்க வைப்பது வீண் வேலை. கேட்கவோ பதில் சொல்லவோ ஆள் இல்லாத சொல் நிற்காது.

அந்த மாலைப் பண்டத்துக்கும் பெயர் உண்டு, 'கூத்தே'. பள்ளி விட்டதும் நாலு, நாலரை மணி வாக்கில் பிள்ளைகள் தின்பது. நீளவாக்கில் பிளந்த ரொட்டித் துண்டுக்குள் கொஞ்சம் வெண்ணெய் தடவி, இரண்டு மூன்று கட்டி சாக்லேட்டை அப்படியே வைத்து மூடிக் கொடுப்பது பழைய வழக்கம். உருக்க வேண்டாம், பரப்ப வேண்டாம். கடிக்கும்போது ரொட்டி மெத்தென்றும் சாக்லேட் நறுக்கென்றும் இருக்க வேண்டும். நம் வெயிலில் சாக்லேட்டைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் அந்த நறுக் கிடைக்கும். இனிப்பான சாண்ட்விச் ரொட்டி இதற்குச் சரிவராது, மேல்தோல் கெட்டியான ரொட்டி வேண்டும். பிரான்சில் பாரம்பரிய பாகெத் என்று விற்கும் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு தவிர வேதிப்பொருள் எதுவும் சேரக்கூடாது, உறையவைத்து வைத்திருக்கவும் கூடாது என்று 1993இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். பாகெத் செய்யும் கைத்திறனும் அதைச் சுற்றியுள்ள பழக்கமும் 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு ரொட்டிக்கு இத்தனை பாடா என்று 7 வயதுப் பிள்ளை கேட்கும், கேட்கட்டும்.

மேசைச் சாப்பாட்டை வாரத்தில் ஒரு நாள் அவர்கள் முறையில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரிமாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக: முதலில் துருவிய கேரட், பிறகு முதன்மை உணவு, அப்புறம் சீஸ் அல்லது தயிர், கடைசியில் பழம். கேரட் சாலட் பள்ளி உணவகங்களில் அடிக்கடி வருவது, செய்வதும் சுலபம். நடுத்தரக் கேரட் 3, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு. சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கேரட் நீர் விட்டுத் துவண்டுவிடும். எல்லாருக்கும் வைத்து முடித்து, 'போனப்பெத்தீ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொன்ன பிறகே சாப்பிடத் தொடங்குவது. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது. கைகளை மடியில் ஒளித்து வைக்காமல் மணிக்கட்டு வரை மேசைமேல் தெரியும்படி வைப்பது. இவை மூன்றும் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும், உங்களைத் திருத்தவும் தொடங்கிவிடுவார்கள்.

ஆண்டு முழுக்க இழுத்துச் செல்ல நாட்காட்டிதான் சிறந்த துணை. ஜனவரி 6ஐ ஒட்டி 'கலெத் தே ருவா', அதாவது அரசர்களின் பணியாரம். பாதாம் விழுது வைத்த வட்டமான அடுக்குப் பேஸ்ட்ரி அது. உள்ளே 'ஃபேவ்' என்ற சின்னப் பீங்கான் பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும் (முன்பெல்லாம் ஒரு அவரை விதை). வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "இந்தத் துண்டு யாருக்கு?" என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு பெயராகச் சொல்லும். பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அட்டைக் கிரீடம். இந்தச் சடங்குக்கு அடுப்பும் பேஸ்ட்ரியும் கட்டாயமில்லை, கடையில் வாங்கிய சாதாரண கேக்கே போதும். ஆனால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பொம்மையை உள்ளே வைக்காதீர்கள், விழுங்கிவிடும் அபாயம் உண்மையானது. துண்டு போட்ட பிறகு ஒரு தட்டின் அடியில் ஒளித்து வையுங்கள்.

பிப்ரவரி 2 'ஷாந்தலர்', கிரேப் என்ற மெல்லிய மைதா தோசை சுடும் நாள். தோசை சுடத் தெரிந்த வீட்டுக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் தோசைப் பழக்கமே இதில் இடையூறு. அளவு: மைதா 250 கிராம், முட்டை 4, பால் அரை லிட்டர், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மாவின் நடுவே குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி, நடுவிலிருந்து வெளியே கலக்கிக்கொண்டு வாருங்கள். பாலைக் கால் கால் டம்ளராக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும், கட்டி தட்டிவிட்டால் அடித்துக்கொண்டிருக்காமல் வடிகட்டிவிடுவதே நல்லது. வெண்ணெயைக் கடைசியில் சேருங்கள். மாவு தோசை மாவைவிட நீர்க்க, ரவா தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். நம் வெக்கைக்கு முட்டையும் பாலும் கலந்த மாவை வெளியே வைக்கக் கூடாது, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஊறாத மாவில் கிரேப் ரப்பர்போல இழுக்கும்.

கனமான தோசைக்கல் வேண்டாம். கையில் தூக்கிச் சாய்க்கக்கூடிய 24 செ.மீ. ஒட்டாத தவா போதும். வெங்காயம் தேய்த்துப் பழகிய கல்லில் சுட்டால் சர்க்கரை தூவிய கிரேப்பிலும் வெங்காய வாடை வரும். தவா நன்றாகச் சூடேறியதும் வெண்ணெயைத் துணியால் மெல்லத் தடவிவிட்டு, ஒரு சின்னக் கரண்டி, சுமார் 60 மில்லி மாவை ஊற்றி, உடனே தவாவைச் சாய்த்துச் சுழற்றி மாவைத் தானாக ஓட விட வேண்டும். கரண்டியின் அடியால் வட்டம் தேய்த்தால் கிழியும். ஓரம் பொன்னிறமாகி விலகும்போது திருப்புங்கள். முதல் கிரேப் பெரும்பாலும் வெளிறி ஒட்டிக்கொள்ளும், தவா இன்னும் பதத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிரேப்பைத் தூக்கிப் போட்டுத் தவாவிலேயே பிடித்தால் ஆண்டு முழுக்கப் பணத்துக்குக் குறைவிருக்காது என்பது அங்கே நம்பிக்கை. பிள்ளைகளுக்கு இதை ஆறிய தவாவில், ஆறிய கிரேப்பை வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 1 எல்லாவற்றிலும் எளியது: தாளில் மீன் வரைந்து, வண்ணம் தீட்டி, வெட்டி, யாருக்கும் தெரியாமல் முதுகில் ஒட்டிவிடுவது. கண்டுபிடித்ததும் 'புவசோன் தாவ்ரில்!' (ஏப்ரல் மீன்) என்று கத்த வேண்டும். உள்ளங்கை அளவு மீன், ஒட்டும் டேப். குண்டூசி கூடாது. ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவருவது அங்கே முயல் இல்லை, மணிகள். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை தேவாலய மணிகள் ஒலிக்காது. அவை ரோமுக்குப் பறந்து போயிருக்கின்றன, திரும்பும் வழியில் தோட்டங்களில் சாக்லேட் முட்டைகளைப் போட்டுவிட்டு வரும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. மே 1 அன்று வெள்ளை மணிகள்போல் தொங்கும் 'முகே' பூங்கொத்து. ஜூலை 14ஐ பிரான்சில் அந்தத் தேதியைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள், 1789இல் பஸ்தீய் கோட்டை வீழ்ந்த நாள், தேசிய நாளாகச் சட்டமானது 1880இல். கிறிஸ்துமஸுக்குக் காலுறை தொங்கவிடாமல் மரத்தடியில் செருப்பை வைப்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் போகும் கடிதங்களுக்குப் பதில் எழுத 1962இல் தொடங்கிய அஞ்சல்துறையின் தனிச் செயலகமே இப்போது லிபூர்ன் என்ற ஊரில் இயங்குகிறது. பல் விழுந்தால் தலையணைக்கு அடியில். இரவில் ஒரு சுண்டெலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். சாணிக்குள் வைத்துக் கூரைமேல் எறியும் நம் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் இரண்டையும் செய்யக் கேட்பார்கள்.

7 வயதுப் பிள்ளைக்குக் கையால் செய்ய இரண்டு வேலைகள். ஒன்று வரைபடம். பிரெஞ்சுக்காரர்களே தம் நாட்டை 'அறுகோணம்' என்பார்கள். தாளில் அறுகோணம் போட்டு வடமேற்கு, மேற்கு, தென்கிழக்குப் பக்கங்களுக்கு நீலம் அடியுங்கள்: ஆங்கிலக் கால்வாய், அட்லாண்டிக், மத்தியதரைக் கடல். மீதி மூன்றும் நிலம்: வடகிழக்கில் பெல்ஜியம், லக்சம்பர்க், ஜெர்மனி, கிழக்கில் சுவிட்சர்லாந்து, இத்தாலி, தென்மேற்கில் பிரனே மலைகளுக்கு அப்பால் ஸ்பெயின். நிலப்பரப்பு தமிழ்நாட்டைப்போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். அதையே உப்பு மாவில் செய்யலாம்: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 1 கப். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அரை செ.மீ. கனம் போதும், அதற்கு மேல் போனால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வெடிக்கும். வெயிலில் இரண்டு நாள் வைத்து, ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். கடலோர ஊர்களில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும், வண்ணம் அடித்து மேலே வார்னிஷ் பூசினால் தாங்கும்.

அறுகோணத்தோடு விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். கோர்சிக்கா தீவு இருக்கிறது. தென் அமெரிக்காவில் பிரேசிலை ஒட்டி பிரெஞ்சு கயானா இருக்கிறது, பிரான்சின் மிக நீளமான தரை எல்லையே அங்கேதான். நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில் ரெயூனியோன் தீவு. கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் கோயில் கட்டித் தீமிதி நடத்துகிறார்கள். அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான். பாரிஸில் லா ஷபெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள் உண்டு, கோடையின் முடிவில் அங்கே பிள்ளையார் தேர் ஓடும். பிரெஞ்சுக்காரர் என்றால் ஒரே நிறம், ஒரே முகம் என்ற படம் பிள்ளை மனத்தில் பதியும் முன்பே இதையெல்லாம் காட்டிவிடுவது முக்கியம். புதுச்சேரி பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் போய்த் தெருப் பலகைகளைப் படியுங்கள், 'ர்யூ' என்று இருந்தால் வீதி. போலீஸ்காரரின் சிவப்பு வட்டத் தொப்பி பிரெஞ்சுக் காலத்தது என்று காட்டுங்கள். அந்த ஆட்சி அழைத்து வந்ததல்ல என்பதையும், 1954 நவம்பர் 1 அன்றுதான் அது கைமாறியது என்பதையும் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வேலை கோபுரம். ஈஃபிள் கோபுரம் இப்போது 330 மீட்டர் உயரம், அடியில் ஒரு பக்கம் 125 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்காகச் செய்தால் 33 செ.மீ. உயரம், 12.5 செ.மீ. அடிப்பாகம். முதல் தளம் 5.7 செ.மீ., இரண்டாவது 11.5 செ.மீ., உச்சித் தளம் 27.6 செ.மீ. உயரத்தில் வரும். ஈர்க்குச்சியும் களிமண் உருண்டைகளும் போதும். முதலில் நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து மூலையைத் தள்ளச் சொல்லுங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் இரண்டு முக்கோணமாகி நிமிர்ந்து நிற்கும். கோபுரம் முழுவதும் அந்தக் குறுக்குச் சட்டங்கள்தான், 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் தறையாணிகள். 1889 உலகக் கண்காட்சிக்காக எழுப்பியது, 20 ஆண்டில் பிரித்துவிடலாம் என்றிருந்தது, வானொலி அலைக்கம்பத்துக்குப் பயன்பட்டதால் தப்பியது.

எண்களை விரலில் எண்ணும்போது கட்டைவிரலில் தொடங்குவார்கள். இரண்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். 69 வரை வழக்கம்போல் போகும். 70 வந்ததும் 'அறுபது-பத்து', 80 'நான்கு-இருபது', 90 'நான்கு-இருபது-பத்து', 99 'நான்கு-இருபது-பத்தொன்பது'. மனப்பாடம் செய்ய வைக்காமல் புளியங்கொட்டையை இருபது இருபதாக நான்கு குவியல் வைத்துக் காட்டுங்கள், சட்டென்று விளங்கும். 4 வயதுப் பிள்ளைக்குப் பத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். அதற்கு விலங்குகள் போதும்: பிரெஞ்சு நாய் 'உவாஃப்', கழுதை 'இ-ஆன்', வாத்து 'குவேன் குவேன்', அதே 'அவன்' மூக்கொலியில். சேவல் மட்டும் 'கோகோரிக்கோ' என்று கிட்டத்தட்ட நம் கொக்கரக்கோவையே கூவும். அந்தச் சேவல்தான் பிரான்ஸ் கால்பந்து அணியின் சட்டையில் இருப்பது.